நொடிக்கு ஒருமுறை

தேங்காய்ப்பட்டணம் ஐஸ் ஆலையில்
அமோனியா அழுத்தத்தை
நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கும் நிரல்
வாரத்துக்கு இரண்டு தடவை செத்துப்போகும்.
எப்போதும் இரவு இரண்டு மணிக்கு மேல்.
தக்கலையில் என் செல்போன் அடிக்கும்.
"மேடம், சவம் பின்னெயும் செத்துக் கெடக்கு"
என்பார் தாசையன்,
கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்தி.
பிளக்கைப் பிடுங்கி
இருபது எண்ணித்
திரும்பக் குத்தச் சொல்வேன்.
அவர் எண்ணுவது எனக்குக் கேட்கும்.
பதினான்கிலேயே குத்திவிடுவார்.

ஜூனில் மேற்குக்கரைக்குத் தடைக்காலம்.
ஐஸ் கேட்க ஆளில்லை.
நிரலைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரல் தேட
எனக்கு நேரம் கிடைத்தது.

ஒன்று பைத்தானையும் கூட்டிக்கொண்டு வரும்.
ஒன்றுக்குக் கடவுள் என்றே பெயர்.
அதுவும் நாள்பட வீங்குமாம்,
கடவுளைக் கவனிக்க வேறொன்று வைக்கணுமாம்.
பெங்களூரிலிருந்து ஜோஸ்லின் சொன்னாள்:
"சிஸ்டம்டி இருக்கும்போது
உனக்கு ஏன்டி இந்தப் பாடு?"
அவள் சொன்னதில் தப்பில்லை.
இந்தப் பலகையில் இருப்பதோ
அறுபத்து நான்கு எம்பி நினைவகம்,
உப்புக்காற்றில் பச்சை பூத்த முனைகள்.
கட்டுமரத்தில் பீரோ ஏற்ற
எனக்கு மனசில்லை.

முன்பு நானே எழுதிய காவல் ஒன்று உண்டு.
நிரலின் எண்ணை ஒரு கோப்பில் குறித்து
அந்த எண் உயிரோடு இருக்கிறதா என
ஐந்து நிமிடத்துக்கொருமுறை கேட்கும்.
ஒருநாள் நிரல் செத்தது.
அதன் எண்
கடிகாரம் சரிபார்க்கும் வேறொன்றுக்குப் போனது.
என் காவல் எட்டிப் பார்த்து
இருக்கு என்றது.
மூன்று நாள்
இருக்கு, இருக்கு என்றது.

யூனிக்ஸில்
சாவுச் செய்தி பெற்றவருக்கு மட்டும்தான் போகும்.
மற்றவர்கள் கதவைத் தட்டிப் பார்க்கலாம்,
ஊகிக்கலாம்.
பெற்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளும்வரை
பெயர் பட்டியலிலேயே கிடக்கும்.
காவலாளி வேண்டாம், பெற்றவர் வேண்டும்
என்று மின்கட்டண ரசீதின்
பின்பக்கம் எழுதினேன்.

ரன்இட் எடுத்தேன்.
ஒரு ஃபோல்டர்.
உள்ளே ரன் என்று ஒரு கோப்பு, மூன்று வரி.
கடைசி வரியில் ஷெல்
தன் இடத்தை நிரலுக்கு விட்டுக்கொடுத்து
இல்லாமல் போகும்.
நிரலுக்கு ஒரே நிபந்தனை:
பின்னணிக்கு நழுவாமல்
கண் முன்னாலேயே நிற்கணும்.
நழுவுவதற்கென்று நான் எழுதியிருந்தது நாற்பது வரி.
அன்றைக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.
அழித்தேன்.

செத்தால் எழுப்பும்.
நொடிக்கு ஒருமுறைக்கு மேல் எழுப்பாது.
ஏன் என்று கேட்காது.

தாசையன் கூப்பிடவில்லை.
ஒரு வாரம், இரண்டு வாரம்.
ஆகஸ்டில் படகுகள் இறங்கின.
ஒரு பகலில் அவரே கூப்பிட்டார்:
"மேடம், இப்பம் சாவுகதில்லியே?"
பதிவைத் திறந்தேன்.
நேற்றிரவு மட்டும்
முப்பத்தோராயிரத்துச் சொச்சம் சாவு.
அத்தனையும் ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தன:
சென்சார் பதிலில்லை.
சென்சார் பதிலில்லை.

கருங்கல் வழி பஸ், மழை,
இரண்டாம் கம்ப்ரசரின் அடியில் துருவேறிய ஒரு கனெக்டர்.
புதிதை அவரிடம் கொடுத்தேன்.
"எண்ணணுமா?"
இதற்கு வேண்டாம் என்றேன்.
ஆனாலும் எண்ணினார்.

டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து
ஃபினிஷ் என்று இன்னொரு கோப்பு எழுதினேன்:
அடுத்தடுத்துப் பத்து முறை செத்தால்
எழுப்பாதே, கூப்பிடு.
யாரை என்ற இடத்தில் என் எண்.
அதன் கீழே அவர் எண்ணைக் கேட்டேன்.
"இங்க மணி கேக்காது மேடம்" என்றார்.
"ஒரு செவப்பு லைட்டு போடுங்க."